ராய்ஸ் டக்கெட்டின் நாய்களும் என் கணவரின் துப்பாக்கியும்

அனுப்புநர்:
திருமதி வில்லடீன் ஹோல்கம்,
(காலஞ்சென்ற ஹோலிஸ் ஹோல்கம் அவர்களின் மனைவி),
பழைய மரஅறுவை ஆலைச் சாலை,
ப்ரூயெட் கவுண்டி, கிழக்கு டெக்ஸஸ்.

பெறுநர்:
உயர்திரு ஷெரிஃப் அவர்கள்,
ஷெரிஃப் அலுவலகம்,
ப்ரூயெட் கவுண்டி.

பொருள்: என் கணவரைக் கொன்ற வேட்டை நாய்களை அகற்றக் கோருதல் மற்றும் தங்கள் பொறுப்பில் உள்ள செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன் குறித்து முறையிடுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். என்மீது இதுவரை எந்த வழக்கும் இல்லை. தங்கள் அலுவலகத்தில் இதை வாய்மொழியாகச் சொல்ல முயன்றேன். நடுவில் அழுதுவிட்டதால் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எழுத்தில் அழ முடியாது என்பதால் எழுதுகிறேன். தயவுசெய்து முழுவதும் படிக்க வேண்டுகிறேன்.

1. எங்கள் நிலத்துக்கு வடக்கே, ஓடைக்கு அந்தப் பக்கம் வசிப்பவர் திரு. ராய்ஸ் டக்கெட். காட்டுப்பன்றி பிடிக்கும் நாய்களை வளர்த்து விற்பது அவர் தொழில். அந்தத் தொழிலைப் பற்றி எனக்குக் குறை ஏதும் இல்லை. எங்கள் சோளத்தைப் பன்றிகள் உழுது போட்டபோது அவரைத்தான் கூப்பிட்டோம். அவருடைய நாய்கள் குரைத்து விரட்டுபவை அல்ல. பாய்ந்து கவ்வியதும், ஆள் வந்து பல்லிடுக்கில் மரக்குச்சியை நுழைத்து நெம்பும்வரை விடாதபடி பழக்கப்பட்டவை. அப்படிப்பட்ட நாய்களை அவர் அடைத்து வைத்திருப்பது கோழிக்கூண்டுக்குப் போடும் கம்பி வலைக்குள். இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. தங்கள் அலுவலர்கள் பலமுறை அந்த முற்றத்தில் நின்றிருக்கிறார்கள்.

2. சென்ற செப்டம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் தேவாலயத்திலிருந்து திரும்பியபோது, நான்கு நாய்கள் எங்கள் ஆட்டுப்பட்டிக்குள் இருந்தன. ஆடுகளின் சத்தம் சாலை வரை கேட்டது. ஒரு கிடாயின் தாடையை ஒரு நாய் கவ்வியிருந்தது, இன்னொன்று அதன் வயிற்றைத் திறந்திருந்தது. என் கணவர் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு உள்ளே குதித்து, கிடாயை விடுவிக்கக் கையை நீட்டினார். நாய் கிடாயை விட்டுவிட்டு அவர் இடது கையைப் பிடித்தது. நான் வேலிக்கம்பைப் பிடுங்கி அதன் மண்டையில் அடித்தேன். கம்புதான் உடைந்தது. கை வெளியே வந்தபோது கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் அதில் இருந்தன.

திரு. டக்கெட் மருத்துவமனைக்கு வறுத்த கோழி வாங்கிக்கொண்டு வந்தார். "நாய்க்கு ஆடு எது, பன்னி எதுன்னு தெரியலண்ணே. மனசுல வச்சுக்காதீங்க" என்றார். என் கணவர் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. வலையை மட்டும் மாற்றும்படி கேட்டார். மாற்றுவதாகச் சொன்னார். மாற்றவில்லை.

3. தங்கள் அலுவலகத்தில் புகார் செய்தோம். விசாரிக்க வந்தவர் டெப்யூட்டி க்ளின்ட் மேபரி. சிறு வயதில் என் பேருந்தில் முன் இருக்கைக்குச் சண்டை போட்ட பிள்ளை. மரியாதையாகத்தான் பேசினார். "வில்லடீன் அம்மா, நாய் பட்டிக்குள்ள வந்து ஆட்டக் கடிச்சா நீங்க சுடலாம். சட்டம் உங்க பக்கம். எங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காதீங்க, நாங்க வந்து சேர நேரமாகும்" என்றார். ஆகவே, ஐயா, துப்பாக்கி வாங்குவது எங்கள் யோசனை அல்ல. தங்கள் அலுவலகத்தின் யோசனை.

4. அந்தத் துப்பாக்கியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் திரு. டக்கெட் பின்னர் கொடுத்த புகார் பற்றிய தங்கள் விசாரணை அறிக்கையில் "பல குண்டுகளை வேகமாகச் சுடும் ஆயுதத்தைத் திட்டமிட்டுத் தேர்வு செய்துள்ளனர்" என்று எழுதப்பட்டிருக்கிறது. திட்டமிட்டது உண்மை. எதற்கென்று அறிக்கையில் இல்லை.

வீட்டில் என் கணவரின் பழைய பம்ப் துப்பாக்கி ஒன்று இருந்தது. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் அதன் முன்கட்டையை இடது கையால் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ள வேண்டும். அவருக்கு இடது கை இல்லாதது போலத்தான். ஒருநாள் கொட்டகையில் அதை முழங்காலுக்கிடையில் வைத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வருவதைக் கண்டதும் துடைப்பதுபோல் பாவனை செய்தார். இரட்டைக்குழல் என்றால் இரண்டே தோட்டா. வருவது நான்கு நாய். விசையை இழுத்தால் காலித் தோட்டாவைத் தானே துப்பி, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் ஒன்றுதான் ஒற்றைக் கைக்காரருக்கு உதவும். அதனால்தான் அந்த வகை. வேறு காரணம் இல்லை.

தீவனக்கடைக்குப் பக்கத்தில் துப்பாக்கிக்கடை வைத்திருக்கும் திருமதி நெல்டா ப்ரைஸிடம் போனோம். அவர் மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது இத்தாலியில் செய்தது. என் கணவர் அதைத் தோளில் வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைக்க மனமில்லாமல் நின்றார். நெல்டா, "அது வேணும்னா ஆட்ட மட்டுமில்ல ஹோலிஸ், வில்லடீனையும் சேத்து விக்கணும்" என்றார். இரண்டாவது, யாரோ வாத்து வேட்டைக்கு வைத்திருந்த பழைய துப்பாக்கி. விலை கட்டுப்படியாகும். ஆனால் கனம். மூன்று விரல் போன கையின் மணிக்கட்டில் அதைத் தாங்கியபோது அவர் உதடு வெளுத்தது. மூன்றாவது துருக்கியில் செய்தது. கருப்பு பிளாஸ்டிக் கட்டை, அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் லேசானது. வெடிக்கும் புகையின் அழுத்தத்தில் இயங்குவதால் தோளில் உதையும் குறைவு.

நெல்டா உள்ளதை உள்ளபடி சொன்னார். "புதுசுல அடம் பிடிக்கும். லேசான தோட்டா போட்டா காலியத் துப்பாம நடுவுலயே சிக்கிக்கும். முதல்ல ரெண்டு பெட்டி கனமான தோட்டா போட்டுப் பழக்கு. அப்புறம் சொன்ன பேச்சக் கேக்கும்."

"அப்ப என் கல்யாணம் மாதிரின்னு சொல்லு" என்றார் என் கணவர்.

விபத்துக்குப் பிறகு அவர் செய்த முதல் கேலி அது. கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பழைய பம்ப் துப்பாக்கியையும் என் மான் வேட்டை ரைஃபிளையும் கொடுத்து, மீதியைப் பணமாகக் கட்டி அதை வாங்கினோம். வீட்டில் அதன் பிறகு வேறு துப்பாக்கி இல்லை என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளவும். வாரம் முழுவதும் குட்டைக்கரையில் பழைய பெயின்ட் டப்பாக்களை வைத்துச் சுட்டுப் பழகினார். முதல் பெட்டியில் பலமுறை சிக்கியது. இரண்டாவதில் ஒருமுறைகூட இல்லை.

5. அக்டோபர் இறுதியில், நண்பகலில் நாய்கள் மறுபடியும் வந்தன. நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். முன்னே வந்த நாய் பட்டியை நோக்கிப் போகவில்லை, என்னை நோக்கி வந்தது. கையிலிருந்த ஈரப் போர்வையை அதன்மேல் வீசினேன். போர்வையோடு என்னைக் கீழே தள்ளியது. என் கணவர் வாசற்படியிலிருந்து சுட்டார். அது என் காலடியில் விழுந்தது. அதன் மூளை என் பாவாடையில் இருந்தது. அடுத்த மூச்சில் இரண்டாவதைப் பட்டி வேலிமேல் சுட்டார். அது வேலிமேலேயே தொங்கியது. மற்ற இரண்டும் ஓடைப்பக்கம் ஓடின. அவர் ஓடுகிறவற்றைச் சுடவில்லை. ஓடைக்கரையில் திரு. டக்கெட் தம் வண்டிக்குள் இருந்ததே அதற்குக் காரணம்.

6. திரு. டக்கெட் தங்களிடம் புகார் செய்தார். என் கணவர் தம்மை நோக்கிச் சுட்டதாகவும், வண்டிக் கதவில் சிறுகுண்டுகள் பட்டதாகவும் சொன்னார். அந்தக் கதவில் பல ஆண்டுகளாக ஓட்டை உண்டு என்பதை இந்தச் சாலையில் எல்லாரும் அறிவர். ஆயினும் டெப்யூட்டி மேபரி வந்து துப்பாக்கியை எடுத்துச் சென்றார். "விசாரணை முடிஞ்சதும் வந்துடும்ணே" என்றார்.

"அதுக்குள்ள நாய் வந்துட்டா?" என்று என் கணவர் கேட்டார்.

"கதவச் சாத்திக்கிட்டு எங்களக் கூப்பிடுங்க."

"ஆடுங்களுக்குக் கதவு இல்லப்பா" என்றார். துப்பாக்கியைத் தோட்டா நீக்கி, தாமே துணியில் சுற்றிக் கொடுத்தார்.

7. நவம்பர் இறுதியில் நன்றி கூறும் விழா முடிந்த மறுவாரம், காலைச் சவாரி முடித்துக் காலிப் பேருந்தோடு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். வளைவில் திரும்பும்போதே பட்டியில் அவர் கிடப்பது தெரிந்தது. மூன்று நாய்கள், அன்று ஓடிப்போன இரண்டும் புதிதாக ஒன்றும். ஒன்று காலில், ஒன்று நல்ல கையில். ஒன்று கழுத்தில். ஆடுகள் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. மண்வெட்டி தூரத்தில் கிடந்தது. அதன் கைப்பிடியில் பல் பதிந்திருந்ததைப் பிறகு பார்த்தேன்.

நான் நிறுத்தவில்லை. ஹாரனை அழுத்தியபடி வாயிற்கதவை இடித்துக்கொண்டு உள்ளே ஓட்டினேன். காலில் இருந்த நாய்மேல் முன்சக்கரம் ஏறியது. அதன் எலும்பு நொறுங்கியது பேருந்தின் தரை வழியாக என் பாதத்துக்குத் தெரிந்தது. மற்ற இரண்டும் தலையைக்கூடத் தூக்கவில்லை. இறங்கி, பேருந்திலிருந்த தீயணைப்பு உருளையால் கழுத்தைப் பிடித்திருந்த நாயை அடித்தேன். அதன் ஒரு கண் வெளியே வந்தது. அப்போதும் அது விடவில்லை. என் கணவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல முயன்றார். காற்று வாய் வழியாக வரவில்லை.

திரு. டக்கெட் ஓடி வந்தார். வந்ததும் அவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அடிக்காதீங்கக்கா, அது சினையா இருக்கு."

பிறகு குச்சியை நுழைத்து, முதலில் கழுத்து, அடுத்து கை என்று பொறுமையாகக் கழற்றினார். நாயின் கண்ணைத் தம் சட்டையால் துடைத்தார். அதற்குப் பிறகுதான் மண்டியிட்டு என் கணவரைப் பார்த்தார். அதற்குள் பார்க்க ஒன்றுமில்லை.

என் கணவர் முன்பே வீட்டிலிருந்து தங்கள் அலுவலகத்தை அழைத்திருந்தார் என்று பின்னர் தெரிந்தது. கதவைச் சாத்தவில்லை, அவ்வளவுதான்.

8. இறப்பு விபத்து என்று பதிவாகியிருக்கிறது. நாய்கள் திரு. டக்கெட்டிடமே இருக்கின்றன. அந்தப் பெட்டை குட்டி போட்டிருக்கிறது. குட்டிகள் விற்பனைக்கு என்று சாலையோரம் அட்டை மாட்டியிருக்கிறார். கம்பி வலை அதே வலை.

9. சென்ற வியாழக்கிழமை தங்கள் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. திரு. டக்கெட்டின் புகாரில் ஆதாரம் இல்லை என முடிவாகிவிட்டதாகவும், அடையாள அட்டையோடு வந்து துப்பாக்கியைப் பெற்றுக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். நன்றி. அதைப் பற்றித்தான் இந்த மனு.

அந்த அழைப்பு வருவதற்கு முன்பே, கிறிஸ்துமஸ் கழிந்ததும், நான் நெல்டாவின் கடைக்குப் போயிருந்தேன். இன்னொரு துப்பாக்கி வாங்கத்தான். மறுபடியும் மூன்றை எடுத்து வைத்தார். இந்த முறை எது லேசு என்று நான் கேட்கவில்லை, விலையும் கேட்கவில்லை. எங்கள் அஞ்சல் பெட்டியிலிருந்து சாலையின் மறுபக்கம் வரைக்கும் எது சிதறாமல் போகும் என்று கேட்டேன்.

நெல்டா என்னைப் பார்த்தார். "நாய்க்குத்தானே?" என்றார்.

மறுபக்கம் வரைக்கும் போகுமா என்று மறுபடியும் கேட்டேன். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை.

அவர் மூன்றையும் எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்துப் பூட்டினார். "உனக்கு இன்னைக்கு விக்க மாட்டேன். என்ன வேணா திட்டிக்கோ" என்றார். நான் திட்டினேன்.

திரு. டக்கெட் தினமும் காலையில் என் வாயிலைக் கடந்து போகிறார். இங்கே எல்லாரும் செய்வதுபோல் ஸ்டியரிங்கிலிருந்து விரலை உயர்த்தி வணக்கம் சொல்கிறார். வேகத்தைக் குறைத்துத்தான் போகிறார். கண்ணாடியும் இறக்கித்தான் இருக்கும்.

10. ஆகவே தங்களைப் பணிவுடன் வேண்டுவது:

அ. எஞ்சிய நாய்களையும் குட்டிகளையும் தங்கள் அலுவலர்கள் கைப்பற்றி, திரு. டக்கெட்மீது சட்டப்படி வழக்குப் பதிய வேண்டும்.

ஆ. அதுவரை என் கணவரின் துப்பாக்கியை என்னிடம் ஒப்படைக்கக் கூடாது. அது மூன்று விரல் இழந்த ஒருவர், தம் ஆடுகளுக்காகவும் மனைவிக்காகவும் தேர்ந்தெடுத்தது. வண்டியில் மனிதர் இருக்கிறார் என்று கண்டு விசையிலிருந்து விரலை எடுத்தவர் அவர். அந்த விரல் எனக்கு இல்லை.

நாய்கள் போன பிறகு நானே வந்து பெற்றுக்கொள்கிறேன். அதற்கு முன் நான் வந்து கேட்டால், எவ்வளவு அமைதியாகக் கேட்டாலும், என்ன காரணம் சொன்னாலும், கொடுக்க வேண்டாம் என்று தங்கள் அலுவலர் அனைவருக்கும் எழுத்துமூலம் உத்தரவிட வேண்டுகிறேன். டெப்யூட்டி மேபரிக்குத் தனியாகச் சொல்லவும். அவர் என் பேச்சைத் தட்ட மாட்டார்.

விரைவில் தங்கள் நடவடிக்கையை எதிர்பார்க்கும்,

வில்லடீன் ஹோல்கம்
(ஒப்பம்)

இடம்: ப்ரூயெட் கவுண்டி
நாள்: ஜனவரி 14