வேண்டுதலுக்குப் போன தலைமுடி

ஐதராபாத்,
14.8.2025, வியாழன்.

அன்புள்ள காஞ்சனாவுக்கு,

நான் நலம். உன் இருமல் நின்றதா என்று எழுதவும்.

நாற்பது ஆண்டுகள் சேலைக் கரைகளுக்குக் கட்டம் கட்டமாக டிசைன் வரைந்தவன் நான். ஒரு நெசவாளியின் ஒரே பகலை, வசனமே இல்லாமல், அவன் முகத்தைக் கொண்டே சொல்லும் குறும்படம் எடுப்பதுதான் என் ஆசை என்பதை நீ அறிவாய். இங்கே தறியோடு செட் போட்டுப் பாதிப் படம் எடுத்தாயிற்று. எட்டாம் தேதி திருத்தணிக்குப் புறப்பட்ட கதாநாயகன், உன் தம்பி மகன் விஷ்ணு, பன்னிரண்டாம் தேதி மொட்டைத் தலையோடு வந்து நிற்கிறான்.

"நான் இன்னா பண்றது மாமா? படம் நல்லா வரணும்னு அத்தைதான் வேண்டிகினு இருந்துச்சு. மலைக்குக் கூட்டிகினு போயி முடி எடுத்துடுச்சு" என்கிறான்.

காலையில் சுருள்முடி, மாலையில் மொட்டை என்றால் பார்ப்பவர்கள் சிரிக்கமாட்டார்களா? என் தலை வழுக்கை என்பதற்காக அவன் தலையையா நேர்ந்துகொள்வது?

மீதியை மாற்றி எழுதிவிட்டேன். பிற்பகலில் நெசவாளியின் தாய் தறியில் உட்காருகிறாள். தறி தெரிந்த முகம் உன்னுடையதைத் தவிர வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. பதினெட்டாம் தேதிக்குள் வந்து சேர். இஞ்சி ஊறுகாய் கொண்டுவா. ஓட்டல் சாப்பாடு தனியாக இறங்கமாட்டேன் என்கிறது.

புறப்படுமுன் மலைக்கு மட்டும் போகாதே.

இப்படிக்கு,
கோதண்டபாணி