பெட்ரோல் டேப்

ஞாயிறு, இரவு

பெருந்துறையிலிருந்து அண்ணன் வந்திருந்தார். சாப்பிட வந்த சொந்தக்காரர்கள் முன்னால் சொன்னார்: “பொம்பளைக்கு எதுக்கு அம்மணி இந்தப் பொகை வண்டி? வித்துப்போடு. ஸ்கூட்டர் வாங்கித் தாரேன்.”

“வேண்டாங்ணா” என்று சொல்லிவிட்டு என் ஆர்எக்ஸ் பைக்கின் கிக்கரை உதைத்தேன். முப்பது வயதைத் தாண்டிய ஜப்பான் இன்ஜின், ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. கிளம்பினேன். தெருமுனைகூடத் தாண்டவில்லை, இருமி நின்றுவிட்டது.

வீட்டு கேட் பக்கம் சொந்தக்காரர்களின் சிரிப்பு. அண்ணன் நடந்தே வந்துவிட்டார். “நாஞ் சொன்னேனில்ல? தள்ளட்டுமா?”

அப்போதுதான் புரிந்தது. கார்புரேட்டர் ஒழுகும் என்று, நிறுத்தும்போதெல்லாம் டேங்குக்கு அடியிலுள்ள பெட்ரோல் டேப்பை மூடிவைப்பேன். இன்று கோபத்தில் திறக்க மறந்திருக்கிறேன். கார்புரேட்டரில் மிச்சமிருந்த பெட்ரோலில்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

பேசாமல் திறந்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பழி வண்டி மேல் அல்லவா விழும்?

“வண்டி நல்லாத்தானுங்ணா இருக்குது. நான்தான் டேப்பத் தொறக்கல.”

“அப்ப உனக்கு ஓட்டத் தெரியல.”

“ஆமாங்ணா. ஓட்டித்தான் பழகோணும்.”

திறந்தேன், உதைத்தேன். அவிநாசி வரை போய் வந்தேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.

வண்டி இப்போது போர்டிகோவில் நிற்கிறது. டேப்பை மூடிவிட்டேன். நாளைக்கும் நான்தான் திறப்பேன்.