எழுபத்தெட்டு டிகிரி

பிப்ரவரி 3, திங்கள்

போதும். பதினொரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். இனி இந்த நோட்டிலாவது பேசுகிறேன்.

உணவியலில் முதுகலைப் பட்டம். பள்ளி உணவகப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாகப் பயிற்றுநர். என் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவன் பதினொரு வருடமாக எனக்கு மேலாளர். எதையும் படிக்க மாட்டான்; முன்னால் வைத்த தாளில் முத்திரை குத்துவான். அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் ரப்பர் ஸ்டாம்ப். வைத்தவன் நான்தான். இந்த இடத்தில் நான் செய்த ஒரே நிலைத்த காரியம்.

இன்று பதினான்கு பள்ளிச் சமையலறைகளுக்கு ஆள் எடுத்தோம். நாற்பது இடம், வந்தவர்கள் ஐம்பத்திரண்டு பேர், ஆளுக்கு மூன்று நிமிடம். "சமைக்கத் தெரியுமா?" – ரப்பர் ஸ்டாம்பிடம் இருந்தது இந்த ஒரே கேள்விதான். எல்லோரும் தெரியும் என்றார்கள். வேலை கேட்டு வந்தவர் வேறென்ன சொல்வார்?

ஒரு அம்மா மட்டும் மாற்றிச் சொன்னார். பன்னிரண்டு வருடம் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருந்தவராம். "நாலு பேருக்குச் சமைப்பேன் சார். நானூறு பேருக்குத் தெரியாது. சொல்லிக் குடுப்பீங்கன்னுதானே வந்திருக்கேன்."

ரப்பர் ஸ்டாம்ப் சிரித்தான். அவன் சிரித்ததற்காகவே அந்தப் பெயருக்கு நேராக டிக் போட்டேன். நல்ல தேர்வுதான். ஆனால் காரணம் அதுதான்.

பிப்ரவரி 6, வியாழன்

ஐந்து நாள் பயிற்சி ஒரு நாளாகச் சுருங்கிவிட்டது. பள்ளிகளில் ஆள் இல்லை, பதினேழாம் தேதி அடுப்பு எரிந்தாக வேண்டுமாம். "நீங்க பேசுனா அஞ்சு நாள் விஷயமும் ஒரே நாள்ல வந்துரும் சார்," என்றான். புகழ்ச்சியா, நக்கலா?

நான் மறுத்துப் பேசவில்லை. பேசினால் போன வருடம் போலக் கூட்டத்தில் வைத்துச் சொல்வான்: "சாருக்கு மேலாளர் பதவி கிடைக்காத வருத்தம் இன்னும் போகல." எல்லோரும் மேசையைப் பார்ப்பார்கள். அதற்கு இது மேல்.

பிப்ரவரி 12, புதன்

பயிற்சி முடிந்தது. அதைப் பயிற்சி என்றால்.

ஒரு பள்ளியின் கூடம், நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, கத்தினால்தான் கேட்கும் மைக். கை கழுவுவது, பச்சை இறைச்சிக்குத் தனிப் பலகை, வெப்பநிலைப் பதிவேடு. சமைத்த கோழியின் நடுப்பகுதியில் தெர்மாமீட்டர் கம்பியைக் குத்தி, எழுபத்தைந்து டிகிரிக்கு மேல் காட்டினால்தான் பரிமாறலாம். இதற்கு மட்டும் முன்பெல்லாம் ஒரு நாள் ஒதுக்குவேன். ஆளாளுக்குக் குத்திப் பார்ப்பார்கள், வேகாத துண்டையும் வெந்த துண்டையும் ஒப்பிடுவார்கள்.

இன்று ஒரு தெர்மாமீட்டர்கூட இல்லை. ஸ்டோர்காரர் பூட்டி வைத்திருக்கிறார். "வெளிய குடுத்தா உடைப்பாங்க சார். உடைஞ்சா நான்தான் பதில் சொல்லணும்." பூட்டிய அலமாரிக்குள் அவை மிகப் பத்திரமாக இருக்கின்றன.

அதனால் பதிவேட்டுத் தாள் ஒன்றை மாதிரிக்கு நானே பேனாவால் நிரப்பி, பிரதி எடுத்துக் கொடுத்தேன். நேரம்: 11.40. வெப்பநிலை: 78.

சலவைக்கூடத்து அம்மா எழுந்தார். "சார், அந்தக் கம்பியை எங்க குத்தணும்? எலும்புல பட்டாப் பரவால்லையா?"

நல்ல கேள்வி. மணி நாலரை. தொண்டை போயிருந்தது. "தாள்ல இருக்குற மாதிரி எழுதுங்கம்மா, போதும்," என்றேன்.

பிறகு வருகைப் பட்டியல் வந்தது. ஐந்து நாளுக்கு ஐந்து கட்டம். நாற்பது பேரும் ஆளுக்கு ஐந்து கையொப்பம் போட்டுவிட்டு பஸ் பிடிக்க ஓடினார்கள். கீழே பயிற்றுநர் என்ற இடத்தில் நானும் ஐந்து.

பிப்ரவரி 13, வியாழன்

நாற்பது சான்றிதழ்கள். மதியத்துக்குள் கையொப்பமிட்டு முடித்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

இரண்டு நாளாகப் பள்ளி பள்ளியாகப் பதிவேடு பார்த்து வருகிறேன். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா?

பதினான்கு சமையலறை. எல்லாவற்றிலும், எல்லா நாளும், 11.40, 78. காலை எட்டு மணிக்கே பரிமாறி முடிக்கும் பள்ளியிலும் 11.40. வெட்டிய பழத்துக்கும் 78. ஓரிடத்தில் குளிர்ந்த பாலுக்கும் 78. என் மாதிரித் தாளைச் சுவரில் ஒட்டிவைத்து, எண்ணைக்கூட மாற்றாமல் எழுதியிருக்கிறார்கள். ஏழுக்கு நான் போடும் குறுக்குக் கோட்டையும் விடவில்லை.

சலவைக்கூடத்து அம்மாவின் சமையலறை பளிச்சென்று இருந்தது. துணிகளை இஸ்திரி போட்டு அடுக்கியிருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். "சார், நல்லவேளை வந்தீங்க. ஸ்டோர்ல இருந்து அப்புறமா அனுப்புன அந்தக் கம்பி மிஷின் ரிப்பேர் போல. ஆன் பண்ணுனா முப்பத்தொண்ணுதான் காட்டுது. அதான் தாள்ல இருக்குறதையே எழுதுறேன்."

முப்பத்தொன்று அந்த அறையின் வெப்பம். கோழிக்குள் குத்தாமல் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறார். சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம் ஆகும். ஆனால் அப்போது இன்னும் மூன்று பள்ளி பாக்கி. என் மனது வேறு கணக்கில் இருந்தது. "பார்த்துக்கலாம்மா," என்று சொல்லி வந்துவிட்டேன்.

அந்தக் கணக்கு இதுதான். மே மாதம் ஆய்வுக் குழு வரும். பதினான்கு பதிவேட்டையும் அடுக்கி அவன் முகத்துக்கு நேரே வைப்பேன். ஐந்து நாளை ஒரு நாளாக வெட்டியவன் யார் என்று அப்போது கேட்கட்டும். அதுவரை மூச்சு விடக் கூடாது.

மார்ச் 10, திங்கள்

மனைவி கேட்டாள்: "என்னங்க, ஒரு வாரமா முகத்துல ஒரு வெளிச்சம்? பதவி உயர்வா?" ஒன்றுமில்லை என்றேன்.

மார்ச் 19, புதன்

சலவைக்கூடத்து அம்மாவின் பள்ளி. நேற்றிலிருந்து வாந்தியும் பேதியும் காய்ச்சலுமாக நாற்பத்து மூன்று குழந்தைகள். திங்கள் மதியம் கோழி. உறைந்து வந்த கோழி நடுவில் இளகாமலே அடுப்பேறியிருக்கிறது. மேலே சிவந்து, வெந்த மாதிரிதான் தெரிந்திருக்கும்.

பதிவேட்டில் திங்கட்கிழமை: 11.40. 78.

மார்ச் 20, வியாழன்

இன்று காலையே ரப்பர் ஸ்டாம்ப் ஆளனுப்பி, சுவர்களில் இருந்த மாதிரித் தாள்களையெல்லாம் எடுத்துவிட்டான். ஸ்டோர்காரர்தான் போய் வந்தார். "பதினாலும் கிழிச்சாச்சு சார்," என்றார், ஏதோ ஒட்டடை அடித்துவிட்டு வந்தவர் போல.

மூலத் தாள் என் பையில் இருக்கிறது. அது அவனுக்குத் தெரியாது.

மார்ச் 25, செவ்வாய்

அந்த நாற்பத்து மூன்று பேரில் தீவிர சிகிச்சையில் இருந்த பெண் குழந்தை இன்று விடியற்காலையில் இறந்துவிட்டது. இரண்டாம் வகுப்பு.

மார்ச் 26, புதன்

எழுத முடியவில்லை. ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் நின்னு, கம்பியைக் கையில வாங்கி, இங்க குத்துங்கம்மான்னு சொல்லியிருந்தா? என்ன அவசரம் எனக்கு? எவன் முகத்தைப் பார்க்க அப்படி அவசரம்?

மார்ச் 27, வியாழன்

ரப்பர் ஸ்டாம்ப் கதவைச் சாத்திக்கொண்டு பேசினான். விசாரணை அடுத்த வியாழன். பிரிவின் நிலைப்பாடு தயார்: ஐந்து நாள் முழுப் பயிற்சி தரப்பட்டது, நான்காம் நாள் முழுக்கத் தெர்மாமீட்டர். அதற்குப் பிறகும் அந்தப் பணியாளர் அளக்காமலே பொய்யாகப் பதிவு செய்திருக்கிறார். வேலைநீக்கம், போலீசில் புகார். ஆதாரம் வருகைப் பட்டியல். அவருடைய ஐந்து கையொப்பம், என்னுடைய ஐந்து.

"நீங்க ஒரு வாக்குமூலம் மட்டும் குடுத்தாப் போதும் சார்."

"ஒரு நாள்தான் நடந்துச்சுன்னு உனக்கே தெரியும்."

"தெரியும். அப்போ அஞ்சு நாள்னு கையெழுத்துப் போட்டது யாரு சார்?" மரியாதையாகத்தான் கேட்டான். என் வகுப்பில் சந்தேகம் கேட்ட அதே குரலில்.

மார்ச் 28, வெள்ளி

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. இதை எழுதிப் பார்த்தால் ஒரு காரணம் மாதிரி இருக்குமா என்று எழுதிப் பார்த்தேன். இல்லை.

மார்ச் 29, சனி

காலையில் தொலைபேசி. அந்த அம்மா.

"சார், நான்தான். தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க. செவுத்துல ஒட்டியிருந்த அந்தத் தாளைக் காணோம் சார். அதைக் காட்டுனா நான் ஏன் அப்படி எழுதுனேன்னு புரியும்ல?"

எதிர் நாற்காலியில் இருந்த பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

"உங்க பேரை நான் எங்கயும் சொல்லல சார். உங்களுக்கு ஏன் வீண் வம்பு? நீங்களே வியாழக்கிழமை வந்து எடுத்துச் சொல்லுவீங்க, எனக்குத் தெரியும். மிஷின் ரிப்பேர்னு அன்னிக்கே உங்ககிட்ட சொன்னேன்ல?" பிறகு, "அந்தப் புள்ள தட்டை நான்தான் சார் நீட்டுனேன். இன்னும் ரெண்டு துண்டு கேட்டுச்சு. போட்டேன்."

வைத்துவிட்டார். வைத்தது நானாகவும் இருக்கலாம். நினைவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

காலையிலிருந்து இந்த நோட்டைப் பார்த்து வெள்ளைத் தாளில் படியெடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வரியையும் மாற்றவில்லை. மார்ச் 4-ஐயும் 28-ஐயும் விட்டுவிட மிகவும் ஆசையாக இருந்தது. அவை இல்லாவிட்டால் இது ரப்பர் ஸ்டாம்பைப் பற்றிய கடிதம் மட்டும்தான், நானும் நல்லவனாகத் தெரிவேன். விடவில்லை.

பெறுநர் விசாரணை அதிகாரி. உள்ளே மூல மாதிரித் தாளையும் வைத்திருக்கிறேன். அது இல்லாமல் போனால் மொட்டைக் கடிதம் என்று குப்பையில் போடுவார்கள், அந்த அம்மா சிறைக்குப் போவார்.

மனைவி படித்தாள். கடைசித் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அடியில பேரு இல்லையே?"

"வேண்டாம்."

"கடிதத்துலயும் உள்ள வச்சிருக்கிற தாள்லயும் முழுக்க உங்க எழுத்து. ஆபீஸ்ல யாரு பார்த்தாலும் ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சுருவாங்க. அப்புறம் எதுக்கு மறைக்கிறீங்க?"

நானாக நடந்துபோய், அந்த மேசை முன் நின்று, இது நான் செய்தது என்று சொல்ல எனக்குக் கால் வராது. இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் அவர்கள் என்னைத் தேடி வந்து, இது உங்கள் எழுத்தா என்று கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டேன். அவ்வளவு தூரம்தான் என்னை எனக்குத் தெரியும்.

உறையை ஒட்டியாகிவிட்டது. நாளைக் காலை பெயரில்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.