துபாயில் ஹால்ட்

திருவண்ணாமலை,
ஆவணி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் கீர்த்தனாவுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க அண்ணாமலையாரை வேண்டிக்கொள்கிறேன். உன் அப்பாவைப் பற்றி அப்படி ஒரு வரியில் எழுதிவிட முடியாது. போனில் சொல்லலாமென்றால், உன்னோடு பேசமாட்டேன் என்று சபதம் போட்ட மனுஷன், நீ கூப்பிட்டதும் பக்கத்தில் வந்து பேப்பர் படிக்க உட்கார்ந்துவிடுகிறார். அதனால்தான் கடிதம்.

தை மாதம் உன்னை வரச் சொன்னேன். சென்னையிலிருந்து டொராண்டோ பதிமூன்றாயிரம் கிலோமீட்டருக்கு மேல், துபாயில் நின்று போக இருபத்திரண்டு மணி நேரம், நினைத்தால் வந்துவிட முடியுமா என்றாய். அதை இவரிடம் சொன்னது என் தப்பு. முப்பது வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவரிடம் தூரத்தையும் நேரத்தையும் சொல்லலாமா? துபாய் வரைக்கும் எவ்ளோ, அப்புறம் எவ்ளோனு கேளு என்று என்னைத்தான் உன்னிடம் கேட்க வைத்தார். மறுநாளிலிருந்து விடிந்ததும் கிரிவலம்.

பௌர்ணமிக்குப் போனால் சரி. தினமுமா? வெறுங்காலோடு பதினாலு கிலோமீட்டர். என்ன வேண்டுதல் என்று கேட்டால், வேண்டுதலும் இல்ல ஒண்ணும் இல்ல, சுகர் கம்மியாவும்னு போறேன் என்றார். திரும்பி வந்ததும் காலண்டர் தாளின் பின்பக்கம் ஏதோ கூட்டி எழுதுவார். தோசை ஆறிப் போகும். நான் கத்தியது அந்த மலைக்கே கேட்டிருக்கும், இவருக்குக் கேட்கவில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை அடி அண்ணாமலைப் பக்கம் முட்டி பிடித்துக்கொண்டு நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டார். நம் தெரு ஆட்டோக்காரன் வல்லரசுதான் ஏற்றிக்கொண்டு வந்தான். அவன் சொல்லித்தான் எனக்கே விஷயம் தெரியும். பெரிப்பா, பொண்ணு வீட்டுக்கு நடந்து போறாராம் பெரிம்மா, இருநூத்திப் பத்து சுத்து முடிஞ்சிடுச்சாம், துபாய் வந்துட்டாராம்னு சிரிக்கிறான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அடுப்படிக்குப் போய் அழுதேன்.

எலும்பு தேய்ந்திருக்கிறது, இனி இப்படி நடந்தால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொன்னால் கேட்கிற ஜென்மமா? ஒரு மாசம் துபாய்ல ஹால்ட், அப்புறம் வண்டிய எடுத்துடுவேன் என்கிறார். இன்னும் எழுநூறு சுற்றுக்கு மேல் இருக்கிறதாம்.

நீ மட்டும் லேசுப்பட்டவளா? எங்களைக் கேட்காமல் அங்கேயே ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு போட்டோ அனுப்பினாய். இப்போது அப்பா வாயால் கூப்பிட்டால்தான் வருவேன் என்கிறாய். விரை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்? உங்கள் இருவருக்கும் நடுவில் ரெண்டு வருஷமாக நான் தூது போய்ச் சலித்துவிட்டேன்.

மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம் சொல். எங்கள் என்றுதான் எழுதியிருக்கிறேன், கவனி. பூவும் பொட்டுமாக நன்றாக இரு.

அவர் கூப்பிடமாட்டார் கீர்த்தனா. அந்த வாய்க்கு அது வராது. காலால் முடிந்த மட்டும், துபாய் வரைக்கும் வந்துவிட்டார். மீதி தூரம் நீ வா.

இப்படிக்கு,
உன் அம்மா
காசியம்மாள்