கேட்டது ஒன்று, சொன்னது மூன்று

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்க வாய் வரவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். உன் கைக்கு வருமுன் இதை அங்கே ஒருவர் படித்துப் பார்ப்பாராம். படிக்கட்டும்.

உன் மகள் நன்றாக இருக்கிறாள். கிடுகிடுவென்று வளர்கிறாள், சீருடைப் பாவாடையை இந்த வருடம் இரண்டு முறை பிரித்து இறக்கிவிட்டேன். கணக்குதான் உதைக்கிறது. நீ வெளிநாட்டில் வேலை பார்ப்பதாகத் தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன். யாரும் நம்பவில்லை.

போன வாரம் நீ வேலை பார்த்த கண் டாக்டர் என் தையல் கடைக்கு வந்தார். தண்டனை முடிந்து, மைத்துனர் பெயரில் மறுபடி கிளினிக் திறந்திருக்கிறார். உடம்பு இளைத்துவிட்டதால் நான்கு பேன்ட்டுகளுக்கு இடுப்பைப் பிடிக்க வேண்டுமாம். பார்த்ததும் எழுந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவர் போனபின், கடையில் பொத்தானுக்குக் காஜா எடுக்கும் அம்மா, பாவம், நல்ல மனுஷன், நேரம் சரியில்லை என்றாள். உன்னைப் பற்றிப் பேச்சு வந்தபோது, ஒரு பொம்பளை செய்கிற காரியமா இது என்று கேட்டவளும் அவள்தான். அன்றைக்கு நானும் தலையாட்டினேன்.

உள்ளே படித்துக்கொண்டிருந்த உன் மகள் வந்து நின்றாள். “பெரியம்மா, அம்மாவும் அவரும் ஒரே தப்புதானே செஞ்சாங்க? அம்மா வந்தா இப்படி எழுந்து நிப்பீங்களா?”

போய்ப் பாடத்தைப் படி என்றேன்.

தப்பு தப்புதான். கண்ணைப் பார்க்காமலே டிரைவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தீர்கள். நீ எழுதினாய், அவர் கையெழுத்துப் போட்டார். அதில் ஒருவன் வேனை ஏற்றி ஒரு மனிதருக்குக் கால் போயிற்று. ஆனால் நீ நீட்டியதைப் படிக்காமல் போட்டேன் என்று சொன்ன அவருக்கு ஆறு மாதம், உனக்கு மூன்று வருடம்.

நீ வீட்டில் எப்படி என்று அவருடைய வக்கீல் கோர்ட்டில் என்னைக் கேட்டார். அடங்காதவள், யார் பேச்சும் கேட்கமாட்டாள், புருஷனை விட்டுவிட்டு வந்தவள் என்றேன். கேட்டது ஒன்று, சொன்னது மூன்று. அதற்கும் சான்றிதழுக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. பொய் சொல்லவில்லையே என்று இத்தனை நாள் இருந்துவிட்டேன். நான் என் புருஷனிடம் அடி வாங்கிக்கொண்டு அந்த வீட்டிலேயே கிடந்தேனே, இவளுக்கு மட்டும் என்ன என்ற ஆத்திரம். நீ பெட்டியோடு வந்து இறங்கிய அன்றே என் மனதில் உனக்குத் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

சொல்லாமல் விட்டதும் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் டாக்டர் நம் வாசலில் வண்டியை நிறுத்தி, வெற்றுச் சான்றிதழ்களில் கையெழுத்துப் போட்டு உன்னிடம் கொடுப்பார். நான் ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறேன். அதை இப்போது எழுதி நம் வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். மேல்முறையீட்டில் எவ்வளவு எடுபடுமோ, இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று என்னைத்தான் குடைவார்கள் என்றார். குடையட்டும்.

பேன்ட்டுகளை முடித்துக் கொடுத்தேன். ஒன்று கொஞ்சம் இறுக்கமாகிவிட்டது, வேண்டுமென்று செய்யவில்லை.

பார்க்க வருகிறவர்கள் பட்டியலில் என் பெயரை நீ அடிக்கச் சொல்லிவிட்டதாகத் தெரிந்தது. சரிதான். ஆனால் பெரியவர்கள் துணையில்லாமல் குழந்தையை உள்ளே விடமாட்டார்களாம். ஒரே ஒரு தடவை என் பெயரை எழுதிக் கொடு. நீங்கள் இருவரும் பேசுங்கள். நான் சுவரோரமாக நின்றுகொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா