செல் இல்லாத வரிசை

ஜூலை 8, செவ்வாய்

பொத்தேரி லேப். இன்றும் ஊதாதான். கல்லீரல் செல்கள்மேல் நான்காம் சாற்றை ஊற்றி ஒரு நாள் வைத்து, மஞ்சள் சாயம் விட்டேன். உயிருள்ள செல் சாயத்தை ஊதாவாக்கும், செத்தது ஆக்காது. மூன்றாவது முறையும் அடர்ந்த ஊதா.

நான்காம் சாறு என்பது, சர்க்கரை நோய்க்கென்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டி ஒரு கம்பெனி விற்கும் மூலிகைப் பொடியின் சாறு. என் கைடு பாலசுப்ரமணியன் சார் வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை கேட்கிறார். அவருக்கும் சர்க்கரை உண்டு. "நீங்க இதக் குடிப்பீங்களா சார்?" என்றேன். சிரித்தார்.

புதுப்பட்டினத்து வீட்டில் என் உம்மாவும் இதைத்தான் குடிக்கிறது. போன மாதமே, முதல் சோதனைத் தட்டில் ஊதாவைப் பார்த்தவுடனே, பயமில்லை என்று போனில் சொன்னவன் நான்தான்.

ஜூலை 9, புதன்

தட்டின் கடைசி வரிசைக் குழிகளுக்குச் செல் போதவில்லை. கை பழக்கத்தில் அந்தக் காலிக் குழிகளிலும் சாறும் சாயமும் விட்டுவிட்டேன்.

அதுவும் ஊதா.

செல்லே இல்லை. எது உயிரோடு இருக்கிறது?

ஜூலை 10, வியாழன்

சாயம் விடாத தட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். செல்கள் செத்து, பிடி விட்டு, உருண்டு மிதக்கின்றன. சாயத்தை ஊதாவாக்குவது சாறேதான். செல் இல்லாத வரிசை ஒன்றை முதல் நாளே வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. சாருக்கு அவசரம், எனக்குச் சோம்பல்.

தட்டில் செத்தால் மனிதனும் சாவான் என்றில்லை. ஆனால் பாதுகாப்பானது என்று எப்படி எழுதுவது?

சார் சொன்னது: "கம்பெனி கேட்டது ஒரு டெஸ்ட். முடிஞ்சுது. இத உன் தீசிஸ்ல எழுதிக்கோப்பா."

தீசிஸைப் புதுப்பட்டினத்தில் யார் படிப்பார்கள்?

ஜூலை 11, வெள்ளி

அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை.

உம்மாவுக்குப் போன் செய்து, பொடியை நிறுத்தச் சொன்னேன்.

"நீதானடா உவைஸு நல்லதுன்ன? ஏழு வூட்டுக்கு வாங்கிக் குடுத்துக்கீறேன். எம்மவனே டெஸ்டு பண்ணதுன்னு சொல்லி."

ஏழு வீடு. நாளை ஊருக்குப் போக வேண்டும்.

ஜூலை 12, சனி

புதுப்பட்டினம். உம்மாவோடு வீடு வீடாகப் போனேன். மீன் விற்கும் வேண்டா அக்கா பாக்கெட்டைத் தரவில்லை.

"அன்னிக்கு நல்லதுன்னதும் நீ. இன்னிக்கு வேணான்றதும் நீ. எத நம்புறது தம்பி?"

போனில் அந்தக் கடைசி வரிசையின் படத்தைக் காட்டினேன். இந்த வரிசையில் ஒன்றுமே இல்லை, ஆனாலும் உயிர் இருப்பதாகக் காட்டுகிறது என்றேன். போனை வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அப்ப காலி டப்பாவ வச்சிருந்தாகூட பாஸுன்னுதான் சொல்லிருப்ப."

ஆமாம் என்றேன். உள்ளே போய்ப் பாக்கெட்டை எடுத்து வந்தார்.

ஜூலை 15, செவ்வாய்

என் பெயர் இல்லாமலே, பாதுகாப்பானது என்று அறிக்கை போய்விட்டதாம். கூடப் படிக்கும் சிநேகா சொன்னாள். படத்தைத் துறைத் தலைவருக்கும் கம்பெனிக்கும் அனுப்பினேன். சாயங்காலம் என் அடையாள அட்டைக்கு லேப் கதவு திறக்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி

புதுப்பட்டினம் லேபில் கொடுத்திருந்த உம்மாவின் ரத்த ரிசல்ட் வந்தது. கல்லீரல் சரியாக இருக்கிறது.

அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், வேண்டா அக்கா காத்திருந்தார்.

"உங்கம்மாவுக்குப் பாத்துட்ட. எங்களுக்கு?"

நாளை காலை முதல் பஸ்ஸில் ஏழு வீட்டாரும் ரத்தம் பார்க்கச் செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். ஏழு வீட்டுப் பொடியையும் உம்மா ஒரே பையில் போட்டு, ஒவ்வொன்றின்மேலும் பெயர் எழுதிவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னது:

"நீயும் வர்ற. டாக்டரு யாரு சொல்லிக் குடிச்சீங்கன்னு கேப்பாரு."