வாகைக்குளத்துக்கு இன்னும் 24 கோடி கிலோமீட்டர்

நாள் 41. காலை 09:10
சரக்குக் கப்பல் 'கொற்கை'. புறப்பட்டது: செவ்வாய், கிழக்கு மேட்டு நிலையம். சேருமிடம்: தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையம். மீதித் தூரம் 24 கோடி கி.மீ. மீதிப் பயணம் 96 நாள். எரிபொருள் சரி, காற்று சரி, காபி மகா மட்டம். ஆள் ஒருத்திதான்: அமலி மோத்தா, பொறியாளர். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்றுதான் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

நாள் 44. மாலை 16:25
அப்பா போய்விட்டார். அண்ணன் ரெமியின் செய்தி, பதின்மூன்று நிமிடம் பழசு: "ஏட்டி, ஐஸ் பெட்டியில வச்சிருக்கோம். நீ வந்து மொகம் பாத்த பெறவுதான் எடுக்கணும்னு அம்மா ஒரே பிடியா நிக்கா. எத்தன நாளாவும்?"
துபாயில் இருக்கிற பிள்ளைக்கு ஒரு பகல் போதும். கனடா என்றால் இரண்டு நாள். எனக்கு 93. அடக்கம் பண்ணிவிடுங்கள் என்று சொல்வதுதான் நியாயம். வாய் வரவில்லை. "வைங்க, வந்துருதேன்" என்று அனுப்பிவிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

நாள் 79. காலை 08:00
அப்பாவை ஆஸ்பத்திரிக் குளிர் அறைக்கு மாற்றிவிட்டார்கள். அம்மா அன்றாடம் போய்க் கதவுக்கு வெளியே உட்கார்ந்து ஜெபமாலை சொல்கிறாளாம். ரெமி: "ஊரே கேக்குது. நான் என்னத்தச் சொல்ல? கோவப்படாதட்டி." எனக்குக் கோபம் என்மேல்தான்.

நாள் 118. 11:40
வேகம் குறைக்கிற எஞ்சின் பற்றவில்லை. ஆறு தடவை பார்த்தாயிற்று. வால்வு இறுகிக் கிடக்கிறது. வெளியே போய்ச் சுத்தியலால் அடித்தும் பார்த்தேன். சனியன், அசையவில்லை. பூமியைத் தாண்டிப் போய்விடுவேன். என்னைத் துரத்திப் பிடிக்கிற வேகம் அங்கே எந்தக் கப்பலுக்கும் இல்லை. மிக அருகே போவது நாள் 137, நான்கு லட்சம் கி.மீ. காற்று நாள் 160 வரை.
வீட்டுக்குச் சொல்ல வேண்டாம் என்று கம்பெனிக்காரர்களிடம் கெஞ்சியிருக்கிறேன். அனுப்பியது: "அண்ணே, கப்பல் ஒரு வருசம் லேட்டு. எனக்காக வைக்காதீங்க. அப்பாவ எடுத்துருங்க."
இதைக் கண்டெடுப்பவருக்கு: இந்தப் பயணத்தில் நான் சொன்ன பொய் இது ஒன்றுதான்.

நாள் 137. 10:05
அம்மா இத்தனை நாளும் எடுக்க விடவில்லை. நான் வந்து சேரவேண்டிய நாளில்தான் அடக்கம் என்று சொல்லிவிட்டாளாம். இன்று மட்டும் பேச்சுக்குத் தாமதம் மூன்று நொடி. என் முகம் தெரியாதபடி அறை விளக்கை அணைத்து வைத்திருந்தேன். ரெமி போனைப் பெட்டிக்கு மேலே பிடித்தான். அப்பாவைப் பார்த்தேன். மீசையைச் சீவி விட்டிருந்தார்கள். அழுது முடித்து, "தூக்குங்கண்ணே" என்றேன்.
யாரும் தூக்கவில்லை. அம்மா போனை வாங்கினாள்.
"ஒரு வருசமுன்னா என்ன அர்த்தமுன்னு எனக்குத் தெரியாதாட்டி? பெத்தவ நான். வெளக்கப் போடு. கிட்ட வா மக்கா. ஒம் மொகத்தப் பாத்துக்கிடுதேன்."
விளக்கைப் போட்டேன்.

10:31
தூரம் கூட ஆரம்பித்துவிட்டது. அம்மா இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.